கிட்டார் கற்கத் தொடங்குவோர் முதல் ஆண்டைத் தாண்டுவது எப்படி?

கிட்டார் வாங்கிய முதல் வாரத்தில் இருந்த ஆர்வம் மூன்றாம் மாதத்தில் பலரிடம் இருப்பதில்லை. பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் பெரும்பாலும் "எனக்குப் பொறுமை போதாது", "எனக்கு இசை ஞானம் இல்லை" என்று தம்மையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் தொடக்க நிலையில் ஒருவரைச் சோர்வடையச் செய்யும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றுள் பல எளிதில் சரிசெய்யக்கூடியவையாகவே இருக்கும். கம்பி தேவைக்கு மேல் உயரத்தில் இருக்கும். சுருதி சேராமல் இருக்கும். பயிற்சி முழுவதும் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். நேற்றைவிட இன்று முன்னேறியிருக்கிறோமா என்று அறிய எந்த அளவுகோலும் கையில் இருக்காது. இவற்றை நேர்செய்துவிட்டால், பொறுமையை வரவழைத்துக்கொள்ள வேண்டிய தேவையே வெகுவாகக் குறைந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்டீல் கம்பி பூட்டிய அக்கூஸ்டிக் கிட்டாரை வீட்டில் கற்கத் தொடங்கும் பெரியவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நைலான் கம்பி பூட்டிய கிளாசிக்கல் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கும் கம்பி பற்றிய அளவுகள் நீங்கலாக மற்றவை பொருந்தும்.

விரலைக் குறை சொல்லும் முன் கருவியைப் பாருங்கள்

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளுக்கு ஃபிரெட் என்று பெயர். 12ஆம் ஃபிரெட்டின் மேல்விளிம்புக்கும் அதற்கு மேலே செல்லும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியைக் கிட்டார் வாசிப்பவர்கள் 'ஆக்‌ஷன்' என்று அழைக்கிறார்கள். மில்லிமீட்டர் கோடுகள் உள்ள ஒரு சாதாரண ஸ்கேலை வைத்து இதை அளந்துவிடலாம். தடித்த ஆறாவது கம்பியில் ஏறத்தாழ 2.5 மி.மீ., மெல்லிய முதல் கம்பியில் ஏறத்தாழ 2 மி.மீ. இருந்தால் கருவி வாசிக்க வசதியாக இருக்கும். இடைவெளி 3.5 மி.மீ.க்கு மேல் போனால், பல ஆண்டுகள் வாசித்த விரல்கள்கூடச் சீக்கிரம் களைத்துவிடும். விலை குறைந்த கருவிகள் பல இந்த நிலையில்தான் கைக்கு வருகின்றன. வாங்கியவரோ, வலி எல்லோருக்கும் பொதுவானது என்று எண்ணிக்கொண்டு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார். கிட்டார் பழுதுபார்க்கும் ஒருவரிடம் 'செட்டப்' செய்து தரச் சொன்னால், அவர் கம்பிகளைத் தாங்கும் சேடிலின் அடியைத் தேய்த்து, கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகி, கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் படிந்து செல்லும் நட்டில் உள்ள வெட்டுகளைச் சரியான ஆழத்துக்குக் கொண்டுவருவார். நட்டை அளவுக்கு மேல் அறுத்துவிட்டால் வேறு நட்டுதான் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், புதியவர்கள் இந்த வேலையில் தாமாக இறங்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது கம்பியின் தடிமன். கம்பி செட்டுகளை முதல் கம்பியின் தடிமனை வைத்துக் குறிப்பிடுவார்கள். 12 செட் என்றால் முதல் கம்பி 0.012 அங்குலம். அக்கூஸ்டிக் கிட்டார்களில் பெரும்பாலும் 12 செட்டே பூட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டு 10 அல்லது 11 செட்டைப் பூட்டினால் கம்பியின் இழுவிசை குறைந்து, அழுத்துவது எளிதாகும். ஒலியின் கனம் சற்றுக் குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் முதல் ஆண்டில் ஒலியின் கனத்தைவிட விரல்களின் நலமே முக்கியம். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றாலும் ஈரப்பதத்தாலும் கம்பிகள் விரைவில் துருப்பிடிக்கின்றன. துருப்பிடித்த கம்பி விரலை அறுப்பதோடு சுருதியிலும் நிற்காது. ஆகவே கை கழுவித் துடைத்துவிட்டு வாசிக்கத் தொடங்குவதையும், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிகளைத் துடைப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

சுருதி சேர்ப்பதை ஒரு நாளும் தவிர்க்கக் கூடாது. ஆறாவது கம்பியிலிருந்து முதல் கம்பிவரை இ, ஏ, டி, ஜி, பி, இ என்பது வழக்கமான அமைப்பு. ஆறாவது கம்பி நொடிக்கு 82.4 அதிர்வுகளும் முதல் கம்பி அதைப் போல நான்கு மடங்காக 329.6 அதிர்வுகளும் கொண்டவை; அதாவது இரண்டும் ஒரே சுரம், இடையே இரண்டு ஸ்தாயி. கைபேசியில் கிடைக்கும் இலவச ட்யூனர் செயலியே இதற்குப் போதும். சுருதி கூடிப்போன கம்பியைத் தேவைக்குக் கீழே தளர்த்திவிட்டு, அங்கிருந்து மெல்ல முறுக்கி ஏற்றிச் சரியான இடத்தில் நிறுத்துங்கள். அப்போதுதான் அது நிலையாக நிற்கும். சுருதி சேராத கிட்டாரில் விரல்களைச் சரியாக வைத்தாலும் கார்ட், அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் தொகுதி, தவறாகவே ஒலிக்கும். அதைக் கேட்கும் புதியவர் தன் காதையும் கையையும் சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறார் என்பதே இதில் உள்ள பெரிய கேடு.

எந்த வலி இயல்பானது, எது அல்ல

முதல் சில வாரங்களில் இடது கை விரல்நுனிகள் வலிக்கும். நாள்தோறும் சிறிது நேரம் வாசிப்பவர்களுக்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் தோல் காய்த்து, அந்த வலி மறைந்துவிடும். வலியைத் தாங்கிக்கொண்டு ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசித்தால் தோல் விரைவாகக் காய்த்துவிடாது. கொப்புளம் எழும்பிச் சில நாள்கள் கருவியைத் தொட முடியாமல் போவதுதான் மிச்சமாகும். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று பிரித்துக்கொள்வதே சிறந்தது. குளித்த உடனேயோ பாத்திரம் துலக்கிய உடனேயோ வாசிக்காதீர்கள். நீரில் ஊறிய தோல் எளிதில் கிழிந்துவிடும். இடது கை நகங்களை ஒட்ட வெட்டியிருப்பதும் அவசியம்.

மணிக்கட்டிலோ, கட்டைவிரலின் அடிப்பகுதியிலோ, முன்கையிலோ வரும் வலி வேறு வகையைச் சேர்ந்தது. விரல்கள் மரத்துப்போவதும் அப்படியே. இவற்றைத் தாங்கிப் பழகக் கூடாது. உடனே நிறுத்தி, மணிக்கட்டு அதிகம் வளைந்திருக்கிறதா, கட்டைவிரல் கழுத்தின் பின்புறத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறதா, தோள் உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நாள் ஓய்வுக்குப் பிறகும் வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

பெரும்பாலான புதியவர்கள் தேவையைவிடப் பல மடங்கு அழுத்துகிறார்கள். எவ்வளவு அழுத்தம் போதும் என்பதை விரலுக்குக் கற்பிக்க ஓர் எளிய பயிற்சி உண்டு. ஒரு கம்பியின் மேல் விரலை அழுத்தாமல் வைத்து, வலது கையால் அதே கம்பியை விடாமல் மீட்டிக்கொண்டே அழுத்தத்தை மிக மெதுவாகக் கூட்டுங்கள். முதலில் அடைத்த ஒலி வரும், பிறகு கரகரப்பு வரும், பிறகு ஒரு கட்டத்தில் சுரம் தெளிவாகும். அந்தக் கட்டத்தோடு நின்றுகொள்ள வேண்டும். அதற்கு மேல் செலவழிக்கும் பலம் அனைத்தும் வீண். விரலை இரண்டு ஃபிரெட்டுகளுக்கு நடுவில் வைக்காமல், ஃபிரெட் கம்பியை ஒட்டி அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தால் தேவையான அழுத்தம் இன்னும் குறையும்.

நாள்தோறும் சிறிது நேரம்

ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் வாசிப்பதும், நாள்தோறும் பதினேழு நிமிடம் வாசிப்பதும் கணக்குக்கு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் பலன் ஒன்றாக இருப்பதில்லை. நினைவாற்றலைத் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், ஒரே அமர்வில் குவித்துப் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் பரப்பிப் படிப்பது மனத்தில் நிற்கிறது என்பதை 1885இலேயே பதிவுசெய்தார். விரல்களின் அசைவுகளுக்கும் இது பொருந்துகிறது. புதிதாகப் பழகிய அசைவுகள் தூக்கத்தின்போது மூளையில் உறுதிப்படுவதால், நேற்றிரவு எத்தனை முயன்றும் வராத ஒரு கார்ட் மாற்றம் இன்று காலையில் எளிதாக வந்துவிடுவதுண்டு. வாரத்தில் ஒரு நாள் மட்டும் வாசிப்பவர், ஏழு இரவுகள் தரக்கூடிய இந்த உதவியில் ஒன்றைத்தான் பெறுகிறார்.

நாள்தோறும் வாசிக்க வேண்டுமானால் கிட்டார் கண்ணில் பட வேண்டும். பையில் போட்டுப் பரணில் ஏற்றிய கருவி எளிதில் மறக்கப்படும். ஸ்டாண்டில் நிற்கும் கருவியை இரவு உணவுக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில்கூட எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம். வெயில் நேராக விழும் சன்னல் ஓரத்தையும், மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவரையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஏற்கெனவே நிலைபெற்றுள்ள ஒரு பழக்கத்தோடு பயிற்சியைச் சேர்த்துவிடுவதும் உதவும். மாலைக் காபி குடித்த உடனே கிட்டார் என்று வைத்துக்கொண்டால், இன்று வாசிக்கலாமா வேண்டாமா என்ற யோசனைக்கே இடமில்லாமல் போகும்.

இருபது நிமிடத்தை என்ன செய்வது? சுருதி சேர்க்க இரண்டு நிமிடம், கார்ட் மாற்றங்களுக்கு ஆறு நிமிடம், வலது கைத் தாளத்துக்கு ஐந்து நிமிடம், மீதி நேரம் முழுவதும் ஏதேனும் ஒரு பாட்டுக்கு. பாட்டுக்கான நேரத்தை எந்த நாளிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். பயிற்சிகளை மட்டும் செய்துகொண்டிருப்பவர், தாம் எதற்காகக் கிட்டார் வாங்கினோம் என்பதையே மறந்துவிடுவார்.

முதல் கார்டுகளும் அவற்றை அளக்கும் முறையும்

எந்தக் கார்டை முதலில் கற்பது என்பதில் ஒரு நல்ல வரிசை இருக்கிறது. இ மேஜர் கார்டில், ஆள்காட்டி விரல் மூன்றாவது கம்பியின் முதல் ஃபிரெட்டிலும், நடுவிரல் ஐந்தாவது கம்பியின் இரண்டாம் ஃபிரெட்டிலும், மோதிரவிரல் நான்காவது கம்பியின் இரண்டாம் ஃபிரெட்டிலும் இருக்கும். இந்த மூன்று விரல்களின் வடிவத்தையும் கலைக்காமல், மெல்லிய கம்பிகளின் பக்கமாக ஒரு கம்பி தள்ளி வைத்தால் அதுவே ஏ மைனர். அங்கிருந்து ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மோதிரவிரலை மட்டும் ஐந்தாவது கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டுக்குக் கொண்டுபோனால் சி மேஜர். ஆக, தனித்தனியே மூன்று கார்டுகளாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு சிறு நகர்வுகளைக் கற்றால் போதும். இவற்றோடு இ மைனர், டி, ஜி ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் எத்தனையோ எளிய பாடல்களுக்கு வழி திறந்துவிடும்.

முன்னேற்றத்தை அளக்க ஒரு நோட்டுப்புத்தகமும் கடிகாரமும் போதும். இரண்டு கார்டுகளை எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தெளிவான ஒலியுடன் மாற முடிகிறது என்று எண்ணி, தேதியுடன் எழுதி வையுங்கள். தொடக்கத்தில் எட்டோ பத்தோ வந்தால் அது இயல்பே. எத்தனை வந்தால் ஒரு பாட்டுக்குப் போதும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் செல்லும் ஒரு பாட்டில் நான்கு தட்டுக்கு ஒரு முறை கார்ட் மாறுகிறது என்றால், நிமிடத்துக்கு 20 மாற்றங்கள் தேவை. தனிப் பயிற்சியில் 30ஐத் தொட்டவர் அந்தப் பாட்டை நிம்மதியாக வாசிக்கலாம். "எப்போதுதான் எனக்கு வருமோ" என்ற கேள்வி சோர்வைத் தருகிறது. "22 ஆகிவிட்டது, இன்னும் எட்டு" என்ற விடை அப்படிச் செய்வதில்லை.

வேகத்தைக் கூட்டும் முறைக்கு நம் மரபிலேயே சிறந்த வழி இருக்கிறது. கர்நாடக இசை கற்பவர்கள் சரளி வரிசையை, தாளத்தின் வேகத்தை மாற்றாமலேயே முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று பாடிப் பழகுவார்கள். இதையே கார்டுகளுக்கும் கொண்டுவரலாம். சீராகத் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, முதலில் நான்கு தட்டுக்கு ஒரு மாற்றம், அது வசப்பட்டதும் இரண்டு தட்டுக்கு ஒன்று, அதன் பிறகு தட்டுக்கு ஒன்று என்று போக வேண்டும். முதல் காலமே தடுமாறும்போது இரண்டாம் காலத்துக்குத் தாவுவதில் பயனில்லை.

வலது கை பெரும்பாலும் கவனிக்கப்படாமலேயே போகிறது. தட்டு விழும் இடத்தில் கீழ்நோக்கியும் இரண்டு தட்டுகளுக்கு இடையே மேல்நோக்கியும் கை அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கம்பியைத் தொடாத இடத்தில்கூட அந்த அசைவு நிற்கக் கூடாது. இடது கை அடுத்த கார்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் பரவாயில்லை, வலது கை அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கார்ட் ஒரு தட்டு தாமதமானதைக் கேட்பவர்கள் மன்னித்துவிடுவார்கள். தாளம் நின்றால் பாட்டே நின்றுவிடும்.

பாட்டும் உங்கள் கட்டையும்

முதல் பாட்டு உங்களுக்குப் பிடித்ததாக இருப்பதோடு, மெதுவானதாகவும் மூன்று நான்கு கார்டுகளுக்குள் அடங்குவதாகவும் இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் எல்லாம் ஒருசேரப் பொருந்தும் பாட்டைத் தேடச் செலவிடும் ஒரு மாலைப்பொழுது வீண்போகாது. கார்ட்கள் அடிக்கடி மாறும் திரையிசைப் பாடல்களை இரண்டாம் ஆண்டுக்கு ஒதுக்கி வையுங்கள்.

பாடிக்கொண்டே வாசிக்க விரும்புவோர், கார்ட் புத்தகத்தில் உள்ள சுருதி தம் குரலுக்கு ஒத்துவராமல் தொண்டையை வருத்திக்கொள்வதுண்டு. இதற்குக் கேப்போ என்ற சிறு கவ்வி இருக்கிறது; அது ஒரு ஃபிரெட்டில் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திச் சுருதியை உயர்த்தும். நம் பாடகர்கள் தம் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். 1 கட்டை என்பது சி. ஒன்றரைக் கட்டை சி ஷார்ப். 5 கட்டை ஜி. ஒன்றரைக் கட்டையில் பாடுபவர் கேப்போவை முதல் ஃபிரெட்டில் மாட்டிவிட்டு சி கார்டின் விரல் அமைப்பையே வாசிக்கலாம். ஐந்தரைக் கட்டையில் பாடுபவர் அதே முதல் ஃபிரெட்டில் கேப்போவை வைத்து ஜி அமைப்பை வாசிக்கலாம். தன் குரலுக்கு ஏற்ற சுருதியில் பாடும்போதுதான் வாசிப்பதில் இன்பம் பிறக்கிறது.

சிறு வயதில் பாட்டுக் கற்றவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. இரண்டாவது கம்பியில் 1, 2, 5, 6, 8, 9, 12, 13 ஆகிய ஃபிரெட்டுகளை வரிசையாக அழுத்தி மீட்டினால் 1 கட்டை சுருதியில் சரளி வரிசைக்குரிய மாயாமாளவகௌளை ராகத்தின் ஆரோகணம் (ஏறுவரிசை) கிடைக்கும். சரளி வரிசையை நினைவில் வைத்திருப்பவர் அன்றைக்கே அதைக் கிட்டாரில் தேடி வாசித்துவிடலாம். ஏற்கெனவே தெரிந்த ஒன்று புதிய கருவியில் ஒலிப்பது தரும் ஊக்கம் பெரிது. கமகங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் ஆர். பிரசன்னா போன்ற கலைஞர்கள் கம்பியை இழுத்தும் விரலைச் சறுக்கியும் கமகங்களைக் கொண்டுவருகிறார்கள். அது நீண்ட உழைப்பின் பயன்.

எஃப் கார்ட் என்னும் மலை

கிட்டாரைக் கைவிட்டவர்களைக் கேட்டால், பலர் எஃப் கார்டைத்தான் குறிப்பிடுவார்கள். ஆள்காட்டி விரல் ஒன்றே முதல் ஃபிரெட்டில் ஆறு கம்பிகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். நட்டுக்கு மிக அருகில் இருப்பதால் கம்பி அங்கே அதிக எதிர்ப்புக் காட்டும். இது வசப்பட மாதங்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அதுவரை பாட்டு நிற்காதபடி சிறிய எஃபைக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் ஆள்காட்டி விரல் முதல் ஃபிரெட்டில் மெல்லிய இரண்டு கம்பிகளை மட்டும் அழுத்தும். நடுவிரல் மூன்றாவது கம்பியின் இரண்டாம் ஃபிரெட்டிலும் மோதிரவிரல் நான்காவது கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டிலும் இருக்கும். தடித்த இரண்டு கம்பிகளையும் மீட்டக் கூடாது.

முழு எஃபை அதன் இடத்தில் தொடங்க வேண்டாம். அதே வடிவத்தை ஐந்தாம் ஃபிரெட்டில் வைத்தால் ஏ மேஜர் கிடைக்கும். அங்கே அழுத்துவது எளிது. அது தெளிவாக ஒலித்த பிறகு நான்காம் ஃபிரெட், பிறகு மூன்றாம் ஃபிரெட் என்று வாரத்துக்கு ஒன்றாகக் கீழே இறங்கி வரலாம். ஆள்காட்டி விரலின் தட்டையான உட்புறத்தைப் பயன்படுத்தாமல், சற்றே உருட்டி எலும்பு தெரியும் பக்கவாட்டுப் பகுதியால் அழுத்துங்கள். கட்டைவிரலால் நெரிப்பதற்குப் பதிலாக, முழங்கையை உடலை நோக்கி லேசாக இழுத்துக் கையின் எடையைக் கம்பிகளின் மேல் இறக்குங்கள். ஒரு நாளில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இதில் செலவிட வேண்டாம்.

தேங்கி நிற்கும் காலம்

நான்காம், ஐந்தாம் மாதங்களில் எதுவுமே முன்னேறாதது போன்ற ஓர் உணர்வு ஏறத்தாழ எல்லோருக்கும் வருகிறது. பெரும்பாலும் அப்போது கையைவிடக் காது வேகமாக வளர்ந்திருக்கும். முன்பு காதில் விழாத பிசிறுகள் இப்போது விழுகின்றன. இதற்கு நம்பத்தகுந்த மருந்து ஒலிப்பதிவுதான். மாதத்தின் முதல் நாளில் ஒரே பாட்டைக் கைபேசியில் பதிவுசெய்து வையுங்கள். உடனே கேட்டு ஆராய வேண்டாம். மூன்று மாதப் பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்கும்போது, உணர்வு சொல்லாததைப் பதிவு சொல்லும். காணொளிகளில் மின்னல் வேகத்தில் வாசிக்கும் பத்து வயதுச் சிறுவனோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்ளாதீர்கள். அவனுடைய பயிற்சி நேரங்கள் அந்தக் காணொளியில் இல்லை.

இணையத்தில் பாடங்கள் ஏராளமாகக் கிடைப்பதே புதியவர்களுக்குச் சிக்கலாகிவிட்டது. நாளுக்கு ஓர் ஆசிரியர் என்று மாறிக்கொண்டிருந்தால் ஒவ்வொருவரிடமும் முதல் பாடத்தையே திரும்பத் திரும்பக் கற்றுக்கொண்டிருப்போம். ஒரு பாடத்தொடரைத் தேர்ந்தெடுத்து மூன்று மாதமாவது அதிலேயே நில்லுங்கள். வாய்ப்பிருந்தால் மாதத்துக்கு ஒரு முறையேனும் நேரில் ஓர் ஆசிரியரைப் பாருங்கள். உங்கள் மணிக்கட்டு வளைந்திருப்பதைக் காணொளி பார்த்துச் சொல்லாது. இலக்கு ஒன்று இருந்தால்தான் கை ஓடும் என்ற இயல்புள்ளவர்களுக்கு லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகள் பொருத்தமானவை; இனிஷியல் தொடங்கி எட்டாம் கிரேடு வரை படிப்படியாகச் செல்லலாம். தேர்வு என்றாலே அஞ்சுகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. நண்பர் ஒருவர் பாட, உடன் வாசிப்பதாக ஒப்புக்கொண்டாலே அதுவும் ஓர் இலக்குதான்.

வேலைப்பளு, காய்ச்சல், பயணம், திருமணம் என்று பயிற்சி விட்டுப்போகும் நாள்கள் வரவே செய்யும். மிகவும் களைத்த நாளில் சுருதி சேர்த்து, தெரிந்த நான்கு கார்டுகளை ஒரு சுற்று மீட்டிவிட்டு வைத்துவிடலாம். அதையும் பயிற்சியாகவே எழுதிக்கொள்ளுங்கள். விட்டுப்போன நேரத்தையெல்லாம் ஒரே நாளில் ஈடுகட்ட முயல வேண்டாம். இரண்டு மூன்று வாரங்கள் இடைவெளி விழுந்திருந்தால் விரல்நுனித் தோல் மென்மையாகியிருக்கும், கம்பி துருப்பிடித்திருக்கும், நிமிடக் கணக்கும் குறைந்திருக்கும். புதிய கம்பி பூட்டி, பத்து நிமிட அமர்வுகளிலிருந்து மீண்டும் தொடங்கி, முதல் வாரம் முழுவதும் முன்பே நன்றாக வந்த பாட்டை மட்டும் வாசியுங்கள். நிமிடக் கணக்கை இரண்டாம் வாரத்தில் எடுத்தால் போதும். முன்பு மாதங்கள் பிடித்த எண்ணிக்கையை இம்முறை அதைவிடக் குறைந்த காலத்தில் எட்டிவிடுவீர்கள்.